காருக்கு சாட்நாவ் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

லண்டனில் பத்தொன்பது வருடமாக வாகனம் ஓட்டுகிறேன். அதில் ஏழு வருடம் சரக்கு வான் ஓட்டினேன். அதனாலோ என்னவோ, சொந்தக்காரர்கள் பாரிசில் ஒரு கல்யாணத்துக்கோ ஜெர்மனி ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கோ காரில் புறப்படும்போது எனக்கு ஒரு போன் வரும். சாட்நாவ் வாங்குவதா, எதை வாங்குவது, வாங்கியது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார்கள். சாட்நாவ் என்பது கார் கண்ணாடியில் ஒட்டி வைத்து வழி கேட்கும் சிறிய பெட்டி. ஒரே பதிலைப் பலருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன்.

"அண்ணை, போனிலையே மேப் இருக்கு. பிறகேன் காசு குடுத்து வேற ஒண்டு வாங்கோணும்?"

பலருக்குத் தேவையே இல்லை. வீடு, வேலை, கடை, கோயில் என்று லண்டனுக்குள்ளேயே ஓடுகிறவர் என்றால் கைத்தொலைபேசி தாராளமாகப் போதும். நெரிசல் எங்கே என்பதை அது வேகமாகவும் சரியாகவும் சொல்லும்.

தனிச் சாதனம் சிலருக்குத்தான் உண்மையில் உதவும். அடிக்கடி கடல் தாண்டி ஓட்டுகிறவர்கள், நாள் முழுக்க டெலிவரி செய்கிறவர்கள், வேல்ஸ் மலைப்பக்கமோ ஸ்கொட்லாந்தின் வடக்கோ போகிறவர்கள் அவர்கள். அங்கெல்லாம் மைல் கணக்கில் போன் சிக்னல் இருக்காது. சாட்நாவுக்குள் வரைபடம் முழுவதும் ஏற்கெனவே இருப்பதால் அதற்குக் கவலை இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு சில போன் கம்பனிகள் ஐரோப்பாவில் டேட்டாவுக்கு மறுபடி காசு எடுக்கின்றன. சுவிஸ் அந்த ஒன்றியத்திலேயே இல்லை. ஆகவே உங்கள் திட்டத்தில் "ஐரோப்பா இலவசம்" என்று இருந்தாலும் சுவிஸ் அதில் அடங்குமா என்று தனியாகப் பாருங்கள்.

கூகுள் மேப்பில் ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், அது நல்ல வழிதான். ஆனால் கோடை வெயிலில் கண்ணாடியில் மாட்டிய போன் சூடேறி அணைந்துவிடும். சரியாக ரவுண்டபவுட்டுக்குள் நுழையும்போது யாராவது அழைத்து, வரைபடம் மறைந்து போகும். பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு தெரியாத ஊரில் ஓட்டும்போது இது சின்ன விஷயம் இல்லை.

"மாசா மாசம் காசு கட்டோணுமோ? இன்டர்நெட் இல்லாமல் எப்பிடி இடம் கண்டுபிடிக்கும்?"

கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. சாட்நாவ் ஒரு வானொலிப் பெட்டி மாதிரி அதைக் கேட்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடும். இப்போது வரும் சாதனங்கள் பல ஐரோப்பாவின் கலிலியோ போன்ற வேறு செய்மதிகளையும் சேர்த்துக் கேட்கின்றன.

கேட்பது மட்டும்தான், செய்மதிக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. "செய்மதி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்" என்று ஒரு மாமா பயந்தார். அந்தப் பயம் வேண்டாம். இன்னொன்று: 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. சுமார் நூறு மீட்டர் வரை பிழை வரும். அதை நிறுத்திய பிறகுதான் கார்களில் இந்தப் பெட்டி உண்மையில் பயன்படத் தொடங்கியது.

"எந்தக் கம்பனி நல்லது, தம்பி?"

பிரித்தானியக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் கண்ணில் படும். ஒன்று 1991இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய டாம்டாம். மற்றது 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய கார்மின். இரண்டையும் பாவித்திருக்கிறேன். இரண்டும் ஊர் கொண்டு போய்ச் சேர்க்கும்.

என் சொந்த விருப்பம் இது. வயதானவர்களுக்குக் கார்மின் எடுத்துக் கொடுப்பேன். "இருநூறு யார்டில் இடப்பக்கம்" என்று மட்டும் சொல்லாமல், பல இடங்களில் சிக்னல் விளக்கையோ கட்டடத்தையோ அடையாளம் காட்டி அது திருப்பம் சொல்லும். யார்டுக் கணக்கு மனதில் ஏறாதவர்களுக்கு அது பெரிய உதவி. நெரிசலைச் சுற்றிக்கொண்டு போவதில் எனக்கு டாம்டாம் பிடித்திருந்தது. கம்பனியைவிட, கீழே சொல்லப்போகும் வரைபட விஷயத்தைக் கவனித்து வாங்குங்கள். நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

"அஞ்சு இஞ்சியோ ஏழு இஞ்சியோ?"

சின்னக் காருக்கு ஐந்து அல்லது ஆறு அங்குலம். ஏழு அங்குலம் வானுக்கும், கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாகத் தெரிகிறவர்களுக்கும். கடையில் கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் சிறிதாகத்தான் தெரியும். காரில் மாட்டினால் ஏழு அங்குலம் சாலையையே மறைக்கும்.

"யூகே மேப் மட்டும் போதுமோ, யூரோப்பும் எடுக்கோணுமோ?"

இதில் நான் பட்டு அறிந்தேன். அக்காவின் மகளுக்குப் பாரிசில் சாமத்தியச் சடங்கு. புதிதாக வாங்கிய சாட்நாவுடன் ஃபோக்ஸ்டனில் ரயிலில் காரை ஏற்றினோம். முப்பத்தைந்து நிமிடத்தில் கலே. ரயிலை விட்டு இறங்கினால் திரையில் ஒரு நீல அம்பு மட்டும் வெறும் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாலை இல்லை, ஊர் இல்லை. நான் வாங்கியது பிரித்தானியா, அயர்லாந்து வரைபடம் மட்டும் உள்ள மாடல். பெட்டியில் சின்ன எழுத்தில் அது போட்டிருந்தது, நான் வாசிக்கவில்லை. பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து லா சப்பல் போய்ச் சேர்ந்தபோது சடங்கு பாதி முடிந்திருந்தது.

ஆகவே ஒருமுறையாவது ஐரோப்பாவுக்கு ஓட்டுவீர்கள் என்றால் தொடக்கத்திலேயே ஐரோப்பிய வரைபடம் உள்ளதை எடுங்கள். அதிலும் "மேற்கு ஐரோப்பா" மட்டும் உள்ளது உண்டு. நீங்கள் போகும் நாடுகளின் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

"லைஃப்டைம் மேப் எண்டு போட்டிருக்கு. சாகும்வரைக்கும் தருவாங்களோ?"

உங்கள் ஆயுளுக்கு அல்ல, அந்தப் பெட்டியின் ஆயுளுக்கு. அந்த ஆயுள் எப்போது முடிகிறது என்பதைக் கம்பனிதான் முடிவு செய்யும். 2018இல் பழைய மாடல்கள் பலவற்றுக்கு இனி வரைபடம் கிடையாது என்று அறிவிப்பு வந்தபோது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். நினைவகம் சிறிதாக உள்ள பழைய பெட்டிக்குள் வளர்ந்துவிட்ட வரைபடம் அடங்காது என்பதும் உண்மை. அதனால் மலிவு விலைக்குப் பழைய மாடலை வாங்காமல், கடந்த ஓரிரு வருடத்தில் வெளியானதாக வாங்குங்கள்.

பழைய வரைபடத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். கிழக்கு லண்டனில் சில்வர்டவுன் சுரங்கப்பாதை 2025 ஏப்ரல் 7ஆம் தேதி திறந்தது. அன்று முதல் அதற்கும் பக்கத்து பிளாக்வால் சுரங்கத்துக்கும் கட்டணம். 2024 வரைபடத்துக்கு இது எதுவுமே தெரியாது. வேல்ஸில் 2023 செப்டெம்பர் 17 முதல் குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக எல்லை 30 மைலில் இருந்து 20 ஆனது. பழைய பெட்டி இன்னும் 30 என்றே காட்டும், அபராதக் கடிதம் உங்களுக்குத்தான் வரும்.

"அப்டேட் செய்ய கம்ப்யூட்டர் வேணுமோ?"

புது மாடல்களில் வீட்டு வைஃபை போதும். ஐரோப்பா முழுவதும் இறங்கப் பல மணி நேரம் எடுக்கும், இரவு செருகி வைத்துவிட்டுப் படுங்கள். பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னரே செய்யுங்கள். புறப்படும் காலையில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பெட்டியே திறக்காமல் போனவர்களைக் கண்டிருக்கிறேன். மெமரி கார்டு போடும் இடம் உள்ள மாடல் என்றால் இன்னும் நல்லது.

"தமிழ்ல வழி சொல்லுமா அண்ணா? அம்மாவுக்கு வாங்கணும்."

கூகுள் மேப்பில் 2018 முதல் தமிழ்க் குரல் இருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ்க் குரல்தான் முக்கியம் என்றால் போனை ஒரு நல்ல தாங்கியில் மாட்டிக் கொடுங்கள், அதுவே சரியான தேர்வு. தனிச் சாதனம் வாங்குவதென்றால் அதன் மொழிப் பட்டியலை வாங்குமுன் பாருங்கள், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

"டிராபிக் காட்டும் எண்டு வித்தவங்கள். ஒண்டும் காட்டுதில்லை!"

முதலில் எந்த வயரில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சில மாடல்களில் நெரிசல் செய்தியை வாங்கும் ஆன்டெனா, பெட்டியோடு வந்த சார்ஜ் வயருக்குள்ளேயே இருக்கும். அந்த வயரை விட்டு வீட்டில் கிடந்த வேறு யூஎஸ்பி வயரைப் போட்டால் சார்ஜ் ஏறும், நெரிசல் வராது. என்னிடம் வந்த முறைப்பாடுகளில் பாதி இப்படித்தான் தீர்ந்தது.

வேறு மாடல்கள் புளூடூத்தில் உங்கள் போனோடு சேர்ந்து அதன் டேட்டாவில் நெரிசலை எடுக்கும். அப்போது முதல் கேள்வியில் சொன்ன ஐரோப்பிய டேட்டா சிக்கல் இங்கும் வரும். சிம் உள்ளேயே இருக்கும் மாடலும் உண்டு, விலை கூட. ஐரோப்பா போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்தது சொந்த ஆன்டெனா உள்ளது.

"போஸ்ட்கோட் அடிச்சா வேற யாரோட வீட்டு வாசல்ல கொண்டுபோய் விடுது."

பிரித்தானியாவில் ஒரு போஸ்ட்கோட் என்பது ஒரு வீடு அல்ல, சராசரியாகப் பதினைந்து முகவரிகள். நாட்டுப்புறத்தில் ஒரே போஸ்ட்கோட்டுக்குள் பல வயல்கள் அடங்கும். ஆகவே போஸ்ட்கோட் அடித்த பிறகு வீட்டு இலக்கத்தையும் கேட்கும், அதைத் தவிர்க்காமல் போடுங்கள். அயர்லாந்தின் ஐர்கோட் வீட்டுக்கு ஒன்று, அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

கல்யாண மண்டபங்கள்தான் தலையிடி. பெரிய காணிக்குள் மண்டபம் இருக்கும், போஸ்ட்கோட் பின்பக்கக் கதவடிக்குக் கூட்டிப்போகும். அழைப்பவர் வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை அனுப்பினால் தவறவே தவறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தீர்க்கரேகையின் பூச்சியக் கோடு கிரீனிச்சில் லண்டனை வெட்டிக்கொண்டு போகிறது. ஈஸ்ட்ஹாம் கோட்டுக்குக் கிழக்கே, வெம்பிளி மேற்கே. வெம்பிளி எண்ணுக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டால் உங்களை எசெக்ஸ் பக்கம் கொண்டுபோகும்.

"மகளுக்கு டிரைவிங் டெஸ்ட் வருது. அதுக்காக வாங்கிக் குடுக்கட்டோ?"

டெஸ்டுக்காக வாங்க வேண்டாம். 2017 டிசெம்பர் 4 முதல் பெரும்பாலான தேர்வுகளில் ஒரு பகுதியைச் சாட்நாவ் சொல்கிறபடி ஓட்ட வேண்டும், உண்மை. ஆனால் பெட்டியைப் பரிசோதகரே கொண்டு வந்து, அவரே வழியைப் போட்டுத் தருவார். ஐந்தில் ஒருவருக்குச் சாட்நாவுக்குப் பதிலாகச் சாலைப் பெயர்ப்பலகைகளைப் பின்பற்றும்படி சொல்வார்கள்.

வழி தவறினால் தோற்பதில்லை. தவறித் திரும்பும் பதற்றத்தில் ஓட்டத்தில் பிழை விட்டால்தான் அதைக் குறித்துக்கொள்வார்கள். மகள் உங்கள் போனிலேயே பழகட்டும், குரலைக் கேட்டுக்கொண்டே கண்ணாடி பார்க்கும் பழக்கம் வந்தால் சரி.

"கார் மீட்டரில 70, சாட்நாவில 66. எது சரி?"

சாட்நாவ்தான் உண்மைக்குக் கிட்ட. கார் மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சட்டம், கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால் கார் செய்கிறவர்கள் பாதுகாப்பாகக் கூட்டியே வைப்பார்கள். நேரான சாலையில் சீராக ஓடும்போது மட்டும் சாட்நாவ் எண்ணை நம்புங்கள். வேகம் கூடிக் குறையும்போது அது ஒரு கணம் பிந்தும்.

"எங்க ஒட்டுறது? பொலிஸ் பிடிக்குமோ?"

கண்ணாடியின் கீழ் விளிம்பில், ஓட்டுநருக்கு வலப்பக்க மூலையிலோ நடுவிலோ தாழ்வாக. வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் எவ்வளவு மறைக்கலாம் என்பதற்கு வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனையான எம்ஓடியில் அளவு இருக்கிறது. ஓட்டுநருக்கு நேரே 10 மி.மீ., மற்ற இடத்தில் 40 மி.மீ. ஏழு அங்குலம் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். டாஷ்போர்டில் ஒட்டும் வட்டத்தட்டு கிடைக்கிறது, அது இன்னும் நல்லது.

போனைக் கையில் பிடித்து வழி பார்த்தால் 200 பவுண்ட் அபராதம், உரிமத்தில் 6 தண்டப்புள்ளி. உரிமம் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 புள்ளி என்றால் உரிமமே போய்விடும். நம் பிள்ளைகள் சிலருக்கு இப்படிப் போயிருக்கிறது. தாங்கி பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கும், தயவுசெய்து வாங்கிக் கொடுங்கள்.

"இங்க ஸ்பீட் கேமரா சொல்லுது. ஜெர்மனி, சுவிஸிலயும் சொல்லுமோ?"

சொல்லக்கூடும், ஆனால் சொல்ல விடக்கூடாது. பிரித்தானியாவில் கேமரா எச்சரிக்கை சட்டப்படி சரி. பிரான்சில் 2012 முதல் கேமராவின் சரியான இடத்தைக் காட்டக்கூடாது. அதற்குப் பதிலாக "ஆபத்துப் பகுதி" என்று நீண்ட தூரத்துக்குப் பொதுவாகக் காட்டும், மோட்டர்வேயில் 4 கி.மீ. வரை. ஜெர்மனியில் ஓட்டும்போது இந்த எச்சரிக்கையைப் பாவித்தால் 75 யூரோ அபராதமும் ஒரு புள்ளியும். சுவிஸ் இன்னும் கடுமை, சாதனத்தையே பறிமுதல் செய்யலாம்.

டோவரிலோ ஃபோக்ஸ்டனிலோ வரிசையில் நிற்கும்போதே அமைப்புக்குள் போய் கேமரா எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள். சுவிஸ் போகிறவர்கள் கேமராப் பட்டியலையே பெட்டியிலிருந்து அழித்துவிட்டுப் போவதுதான் நல்லது. போனில் உள்ள செயலிகளுக்கும் இதே சட்டம்தான்.

"ஒரு கார்ல வேலை செய்யுது. மற்றக் கார்ல சிக்னலே எடுக்குதில்லை."

கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சு இருந்தால் செய்மதி சமிக்ஞை உள்ளே வராது. இத்தகைய கண்ணாடிகளில் நடுக் கண்ணாடியின் பின்னால் பூச்சில்லாத ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள். சாதனத்தை அதன் அருகில் பிடித்துப் பாருங்கள். அடுத்த சந்தேகம் மலிவான டாஷ்கேம், மலிவான சார்ஜர். அவற்றிலிருந்து வரும் இரைச்சல் பலவீனமான செய்மதி ஒலியை அமுக்கிவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் குற்றவாளி தெரிந்துவிடும்.

புதுப் பெட்டி முதல் தடவை சில நிமிடம் எடுப்பது வழக்கம். காரை நிறுத்தி, திறந்த வானத்தின் கீழ் காத்திருங்கள். லைம்ஹவுஸ் சுரங்கத்துக்குள் அம்பு நின்று போனாலோ கனரி வோர்ஃப் கட்டடங்களுக்கிடையே பக்கத்துத் தெருவுக்குத் தாவினாலோ பெட்டியில் பழுது இல்லை. உள்ளே வானம் தெரியாது, வெளியே சமிக்ஞை சுவரில் பட்டு எதிரொலிக்கும். சுரங்கத்துக்குள் நுழையுமுன் அடுத்த திருப்பத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"வான் ஓட்டுறன். கார் சாட்நாவ் போதும்தானே?"

போதாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். கார் சாட்நாவுக்கு உங்கள் வாகனத்தின் உயரம் தெரியாது. பெட்டி கட்டிய லூட்டன் வான் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். இந்த நாட்டில் அதைவிடத் தாழ்வான ரயில் பாலங்கள் ஏராளம். என்னோடு வேலை செய்த ஒருவர் காலை நான்கு மணிக்கு, கார் சாட்நாவ் சொன்ன குறுக்கு வழியில் போய்ப் பாலத்தில் மோதினார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வானின் கூரை உரிந்தது, சரக்கு போனது, வேலையும் போனது. அவருக்கு மூன்று சின்னப் பிள்ளைகள்.

கார்மினிலும் டாம்டாமிலும் பெரிய வாகனங்களுக்கென்று தனி மாடல் இருக்கிறது. உயரம், அகலம், நீளம், எடை எல்லாம் போட்டால் அதற்கேற்ற வழி தரும். விலை ஏறக்குறைய இரட்டிப்பு, கொடுங்கள். உயரத்தை நீங்களே நாடாவால் அளந்து, மீட்டரிலும் அடியிலும் ஒரு தாளில் எழுதிக் கண் முன்னால் ஒட்டி வையுங்கள். சாட்நாவ் என்ன சொன்னாலும் பாலத்தின் பலகையில் உள்ள எண்தான் கடைசி.

"கார் பூட் சேலில இருபது பவுண்டுக்கு ஒண்டு கிடந்தது. எடுக்கட்டோ?"

மாடல் பெயரைப் பார்த்து, இன்னும் வரைபடம் தருகிறார்களா என்று கம்பனியின் தளத்தில் தேடிய பிறகு எடுங்கள். மிகப் பழையவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 இரவு அப்படித் திரும்பியது. அதற்குத் தயார் செய்யப்படாத பெட்டிகள் தேதியைத் தவறாகக் காட்டும், வந்து சேரும் நேரமும் பிழையாகும்.

வாங்கியதும் முழுதாக அழித்துத் தொடங்குங்கள். விற்கிறவர்களும் அழித்துவிட்டு விற்க வேண்டும். பழைய பெட்டிகளில் முன்னவரின் வீட்டு முகவரி அப்படியே இருப்பதை நானே கண்டேன். நீங்களும் "வீடு" என்ற இடத்தில் சொந்த வீட்டைப் போடாமல் தெருமுனையைப் போடுங்கள். காரை உடைத்துச் சாட்நாவைத் திருடுகிறவனுக்கு, நீங்கள் வெளியே இருப்பதும் உங்கள் வீடு எங்கே என்பதும் ஒன்றாகத் தெரியக்கூடாது.

"சாட்நாவ் சொன்ன வழியால போய் ஃபைன் வந்திட்டுது. அது ஏன் சொல்லேல்லை?"

வழியை மட்டும்தான் அது பொறுப்பெடுக்கும், கட்டணத்தை அல்ல. சில மாடல்கள் எச்சரிக்கும், எல்லாம் அல்ல. புகை கூடிய வாகனங்களிடம் கட்டணம் எடுக்கும் லண்டனின் யூலெஸ் வலயம் 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரத்தின் எல்லா பரோக்களுக்கும் (உள்ளூராட்சிப் பகுதிகளுக்கும்) விரிந்தது. பழைய டீசல் கார் என்றால் நாளுக்கு 12.50 பவுண்ட். தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபர்ட் கடவையில் காசு வாங்கும் கூண்டே இல்லை, மறுநாள் நள்ளிரவுக்குள் நீங்களாகக் கட்ட வேண்டும். சுவிஸ் மோட்டர்வேக்குக் கண்ணாடியில் ஒட்டும் 40 பிராங்க் வில்லை, ஜெர்மன் நகரங்கள் பலவற்றுக்குப் புகைத் தரம் காட்டும் பச்சை வில்லை; பாரிசுக்கு அதே மாதிரியான கிரிட்ஏர் வில்லை இப்போதும் தேவையா என்று பாருங்கள். பயணத்துக்குச் சில வாரம் முன்னரே எடுங்கள், சில தபாலில்தான் வரும்.

இதற்குப் பயந்து "கட்டணச் சாலை வேண்டாம்" என்று அமைத்துவிட்டு பிரான்சுக்குள் போகாதீர்கள். ஒவ்வொரு கிராமத்துக்குள்ளாலும் கூட்டிக்கொண்டு போகும். அந்த அமைப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஊருக்குப் போகேக்க கொண்டு போகலாமோ? யாழ்ப்பாணத்தில வேலை செய்யுமோ?"

செய்மதி அங்கும் இருக்கிறது, ஆகவே நீங்கள் நிற்கும் புள்ளியை அது சரியாகக் கண்டுபிடிக்கும். ஆனால் ஐரோப்பிய வரைபடத்தில் இலங்கை இல்லை. கலேயில் நான் பார்த்த அதே வெறும் சாம்பல் திரையும் நீல அம்பும்தான் கிடைக்கும். ஊரில் உள்ளூர் சிம் போட்ட போனே போதும். சாட்நாவை இங்கே அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் ஒரு இரவு வைஃபையில் செருகி விடுங்கள்.